கவர் பாட்டை எப்படிக் கேட்பது? ராக், மெட்டல் பக்கம் புதிதாக வருபவர்களுக்கு

'விஸ்கி இன் த ஜார்' என்ற பாட்டை நான் ரொம்ப நாளாக மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் பாட்டு என்றே நினைத்திருந்தேன். 1998-இல் அவர்கள் போட்ட 'கராஜ் இங்க்' ஆல்பத்தில் இருக்கும் பாட்டு அது, கிராமி விருதுகூட வாங்கியது. அப்புறம்தான் தெரிந்தது, 1972-லேயே தின் லிஸி என்ற அயர்லாந்து ராக் குழு அதைப் பாடியிருக்கிறது என்று. சரி, அப்படியென்றால் அது தின் லிஸியின் பாட்டு என்று முடிவு கட்டினால் அதுவும் இல்லை, அது அயர்லாந்தின் பழைய நாட்டுப்புறப் பாட்டு, எழுதியது யார் என்றே யாருக்கும் தெரியாது. முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிறகு நாட்டுப்புறக் குழுவினர் பாடியது, தின் லிஸி, மெட்டாலிகா என்று மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். அந்த அரைமணி நேரத்தில்தான் கவர் பாட்டு என்பதை ரசிக்கத் தனியாக ஒரு காது வேண்டும், அதைப் பழக்கிக்கொள்ளவும் முடியும் என்பது எனக்குப் புரிந்தது.

அந்தக் காதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கவர் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம். ஒரு கலைஞரோ குழுவோ ஏற்கெனவே வெளியிட்ட பாட்டை, வேறொருவர் தன் குரலிலும் வாத்தியத்திலும் புதிதாகப் பாடிப் பதிவு செய்தால் அது கவர். பழைய ஒலிப்பதிவையே எடுத்து வெட்டி ஒட்டி, தாளம் சேர்த்து மாற்றினால் அது ரீமிக்ஸ். பழைய பதிவின் ஒரு துண்டை மட்டும் எடுத்துப் புதுப் பாட்டுக்குள் வைத்தால் அது சாம்பிள். மெட்டை வைத்துக்கொண்டு வரிகளைக் கேலியாக மாற்றி எழுதினால் அது பகடிப் பாட்டு. கவரில் பழைய ஒலி எதுவும் வராது, எல்லாமே புதிதாக வாசித்ததுதான், ஆனால் மெட்டும் வரிகளும் பழையவை.

இதற்குப் பின்னால் இருக்கும் விஷயம்தான் முக்கியம். பாட்டு வேறு, அதன் பதிவு வேறு. மெட்டும் வரிகளும் சேர்ந்தது பாட்டு. குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட சிலர், ஒரு ஸ்டுடியோவில் அதை வாசித்தது பதிவு. பதிப்புரிமைச் சட்டமே இரண்டையும் தனித்தனிச் சொத்தாகத்தான் பார்க்கிறது. அமெரிக்காவில் ஒரு பாட்டு ஒருமுறை வெளியாகிவிட்டால், எழுதியவருக்குச் சட்டம் சொல்லும் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் அதைத் தன் பாணியில் பதிவு செய்து வெளியிடலாம். 1909-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இந்த வழி இருக்கிறது. ஆனால் மெட்டின் அடிப்படையையோ பாட்டின் தன்மையையோ மாற்ற அது இடம் தராது, அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

நமக்குச் சிக்கல் வருவது இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான். "ஒரிஜினல் மாதிரி இல்லையே" என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் பழைய பதிவைத்தான் மனதில் வைத்துப் பேசுகிறோம். அந்த டிரம்ஸ் சத்தம், அந்தக் குரலின் கரகரப்பு, மூன்றாவது வரியில் வரும் அந்தச் சின்ன மூச்சு, இதெல்லாம் நமக்கு மனப்பாடம். கவரில் அவை இல்லை என்றதும் ஏதோ குறைவதுபோலத் தோன்றுகிறது. ஆனால் அவை இல்லாமலும் பாட்டு நிற்கிறதா என்று பார்ப்பதுதான் கவரின் வேலையே.

ராக் இசை வளர்ந்ததே இப்படித்தான். 1963-இல் வந்த பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தில் 14 பாட்டுகள், அவற்றில் ஆறு அடுத்தவர்கள் பாட்டு. ரோலிங் ஸ்டோன்ஸின் முதல் ஆல்பத்தில் பெரும்பாலானவை கவர்தான். பிளாக் சப்பாத்தின் முதல் சிங்கிள், 1970-இல் வந்த 'ஈவில் வுமன்', குரோ என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டு. மெட்டாலிகா ஆரம்பத்தில் மேடையேறியபோது வாசித்ததில் நிறைய, டயமண்ட் ஹெட் என்ற இங்கிலாந்துக் குழுவின் பாட்டுகள். மெட்டாலிகாவின் டிரம்மர் லார்ஸ் அல்ரிக், டயமண்ட் ஹெட் மேல் இருந்த பைத்தியத்தில் 1981-இல் இங்கிலாந்துக்கே கிளம்பிப் போய் அவர்களோடு தங்கியிருந்தார். 1984-இல் மெட்டாலிகா பதிவு செய்த 'ஆம் ஐ ஈவில்' டயமண்ட் ஹெட்டினுடையதுதான், இன்றைக்கும் பலர் அதை மெட்டாலிகாவின் பாட்டாகவே நினைத்துக் கேட்கிறார்கள். ஒரு குழுவின் ஒலி எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால், அவர்கள் யாருடைய பாட்டை எடுத்து வாசித்தார்கள் என்று பார்த்தால் போதும், பேட்டிகளைப் படிப்பதைவிட அது சீக்கிரம் சொல்லிவிடும்.

சரி, எப்படிக் கேட்பது? நான் செய்வது ரொம்ப எளிமையானது. முதலில் ஒரிஜினலை இரண்டு முறை கேட்பேன், உடனே கவரை இரண்டு முறை. முதல் முறை சும்மா கேட்பது. இரண்டாவது முறை ஒரே ஒரு கேள்வியோடு: எதை விட்டுவைத்தார்கள், எதைத் தூக்கிப் போட்டார்கள்? நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதற்கு நான் முதலில் கையில் கொடுப்பது 'ஆல் அலாங் த வாட்ச்டவர்'. பாப் டிலன் இதை 1967 டிசம்பர் கடைசியில் வந்த ஆல்பத்தில் பாடினார். ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், ஹார்மோனிகா, பின்னால் பேஸும் டிரம்ஸும், இரண்டரை நிமிடம், அவ்வளவுதான். மூன்றே கார்டுகள் (ஒரே சமயத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்), ஆரம்பம் முதல் கடைசிவரை அதே வரிசையில் சுற்றிச் சுற்றி வரும். சொல்லும் கதையும் பாதியில் நிற்பதுபோல முடியும். இதைக் கேட்ட ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அடுத்த மாதமே லண்டனில் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார், 1968 செப்டம்பரில் அது வெளியானது.

ஹென்ட்ரிக்ஸ் எதை விட்டுவைத்தார்? அந்த மூன்று கார்டு சுழற்சியை அப்படியே வைத்திருக்கிறார். வரிகள், மெட்டு, அவையும் அப்படியே. அடியில் ஒரு அக்கூஸ்டிக் கிட்டார்கூட இருக்கிறது. எதை மாற்றினார்? டிலன் வரிகளுக்கு நடுவே சும்மா விட்ட இடங்கள் எல்லாவற்றையும் எலெக்ட்ரிக் கிட்டாரால் நிரப்பினார். டிலன் பாட்டில் வரிகளில் மட்டும் இருந்த அந்தப் புயல் வரப்போகும் பயம், இதில் கேட்கும்படியாகவே வந்துவிடுகிறது. நடுவில் கிட்டார் தனியாக முன்னால் வரும் நீண்ட சோலோவைக் கவனித்துக் கேளுங்கள், அது நான்கு பகுதியாகப் போகும்: முதலில் நேரடியாக, அடுத்து ஸ்லைடு (தந்திமேல் வைத்து நகர்த்தும் பொருள்) வைத்து வழுக்கிக்கொண்டு, அடுத்து காலால் மிதித்து ஒலியை மாற்றும் வா-வா பெடல் போட்டு, கடைசியில் தனி ஸ்வரங்களை விட்டுக் கார்டுகளையே வெட்டி வெட்டி. ஒவ்வொரு பகுதியும் வேறொரு ஆள் வந்து பேசுவதுபோல இருக்கும். கார்டு மூன்றுதான் என்பதால் அவ்வளவு இடம் கிடைத்தது. எளிமையான பாட்டுகளுக்கு நல்ல கவர்கள் அதிகம் அமைவதற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன், உள்ளே நுழைய வருபவருக்கு அங்கே காலி இடம் இருக்கிறது.

பிறகு நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. டிலன் 1974-இல் மறுபடி பெரிய சுற்றுப்பயணம் கிளம்பியபோது, அந்தப் பாட்டை ஹென்ட்ரிக்ஸ் பாணியில் வாசிக்க ஆரம்பித்தார். அவர் மேடையில் அதிகமுறை பாடியதும் அதே பாட்டுதான். எழுதியவரே கவரைப் பார்த்துத் தன் பாட்டைக் கற்றுக்கொண்டார்.

இனி மெட்டலுக்கு வருவோம். எந்தப் பாப் பாட்டை எடுத்தாலும் மெட்டல் ஆக்கிவிடுகிறார்களே, அது எப்படி இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொள்கிறது என்று யோசித்திருப்பீர்கள். இதற்குக் காரணம் பவர் கார்ட். சாதாரணமாக ஒரு கார்டில் குறைந்தது மூன்று ஸ்வரங்கள் இருக்கும். அவற்றில் நடுவில் இருப்பதுதான் அந்தக் கார்டு மேஜரா மைனரா, அதாவது வெளிச்சமாக ஒலிக்கிறதா சோகமாக ஒலிக்கிறதா என்று தீர்மானிக்கும். கிட்டாரில் டிஸ்டார்ஷனை, அதாவது ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் விளைவை, ஏற்றிவிட்டு அந்த மூன்றையும் சேர்த்து வாசித்தால் ஒன்றோடொன்று மோதிக் கலங்கிப்போகும். அதனால் நடு ஸ்வரத்தை எடுத்துவிட்டு, அடி ஸ்வரத்தையும் ஐந்தாவது ஸ்வரத்தையும் மட்டும் வைத்து வாசிப்பார்கள், கணீரென்று இருக்கும். அதுதான் பவர் கார்ட். அதற்கென்று சோகமும் கிடையாது, மகிழ்ச்சியும் கிடையாது. மேலே பாடுகிறவரின் மெட்டு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் அதுவும் சாயும். அதனால்தான் ஒரு குதூகலமான பாப் பாட்டின் கார்டுகளைக் கழற்றி, பவர் கார்டுகளை மாட்டினால், மெட்டு துளியும் மாறாமலே பாட்டின் முகம் மாறிவிடுகிறது.

இதோடு இன்னும் சில விஷயங்கள். கிட்டாரின் ஸ்ருதியை இறக்குவது ஒன்று. (பிளாக் சப்பாத்தின் டோனி ஐயோமி தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர், தந்திகள் தளர்வாக இருந்தால் வாசிக்க வசதி என்று 1971 வாக்கில் ஸ்ருதியை இறக்கினார், அந்தக் கனமான ஒலி பின்னால் ஒரு வகை இசைக்கே அடையாளமாகிவிட்டது.) டிரம்ஸ் இன்னொன்று. மெட்டல் டிரம்மர்கள் இரண்டு காலாலும் பேஸ் டிரம்மை ஓட்டிக்கொண்டே, கையால் அடிக்கும் ஸ்நேரை மட்டும் பாதி வேகத்தில் விடுவார்கள். கால் ஓடும், கை நடக்கும். பாட்டு ஒரே சமயத்தில் வேகமாகவும் கனமாகவும் தோன்றுவது அதனால்தான். கவர் கேட்கும்போது "வேகமாக்கிவிட்டார்கள்" என்று சொல்வதற்கு முன், உண்மையிலேயே பாடும் வேகம் கூடியிருக்கிறதா, இல்லை டிரம்ஸ் மட்டும் அப்படி எண்ண வைக்கிறதா என்று மேசையில் தட்டிப் பாருங்கள்.

இதை வைத்து ஜூடாஸ் ப்ரீஸ்ட் என்ற இங்கிலாந்து மெட்டல் குழு 1977-இல் செய்த 'டயமண்ட்ஸ் அண்ட் ரஸ்ட்' கேட்கலாம். ஒரிஜினல் ஜோன் பயஸ் 1975-இல் எழுதிப் பாடியது, பழைய காதலை நினைத்துப் பாடும் ஒரு மெல்லிய பாட்டு. ப்ரீஸ்ட் அதைக் குதிரைப் பாய்ச்சலில் கொண்டு போகிறார்கள். ஆனால் குழுவின் பாடகர் ராப் ஹால்ஃபோர்டு மெட்டை எங்கேயும் உடைக்கவில்லை, அந்த ஏக்கத்தைக் கோபம் ஆக்கவும் இல்லை. பயஸிடம் நிதானமாக வந்த நினைவு, இவரிடம் துரத்திக்கொண்டு வருகிறது. 1985-இல் லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் இசை நிகழ்ச்சியில் பயஸ் தன்னைத் தேடி வந்து, அவருடைய மகனுக்கு ப்ரீஸ்டின் வடிவம்தான் பிடிக்கும் என்று சொன்னதாக ஹால்ஃபோர்டு சொல்லியிருக்கிறார்.

கனமாக்குவதற்கு டிஸ்டார்ஷன் வேண்டும் என்றுகூட இல்லை. டிஸ்டர்ப்ட் 2015-இல் செய்த 'த சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' ஒரு மெட்டல் குழுவின் கவர், ஆனால் அதில் நம்மை அடிப்பது கிட்டார் இல்லை. பியானோ, தந்தி வாத்தியங்கள், பெரிய முரசுகள், இவற்றுக்கு நடுவே டேவிட் ட்ரெய்மனின் குரல். சைமனும் கார்ஃபங்கலும் இரண்டு குரல்களாக, சமமாக, ஏறாமல் இறங்காமல் பாடிய பாட்டு அது. ட்ரெய்மன் அதை அடிவயிற்றுக் குரலில், கிட்டத்தட்டப் பேசுவதுபோலத் தொடங்கி, சரணத்துக்குச் சரணம் ஏற்றிக்கொண்டே போய்க் கடைசியில் முழங்குகிறார். ஒரிஜினலில் யாரும் கேட்கவில்லையே என்ற வருத்தம். இங்கே யாரும் கேட்கவில்லையே என்ற ஆத்திரம். எனக்கு இன்றைக்கும் ஒரிஜினலின் அடக்கம்தான் ஒரு படி மேலே, ஆனால் கவரின் கடைசி ஒரு நிமிடத்தைக் கேட்டு அசையாமல் இருந்ததில்லை. பாட்டை எழுதிய பால் சைமனே இதைப் பாராட்டி ட்ரெய்மனுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்.

சில நேரம் வாத்தியமோ வேகமோ முக்கியமே இல்லை, யார் வாயிலிருந்து அந்த வரிகள் வருகின்றன என்பதுதான் எல்லாம். 'ஹர்ட்' இதற்கு உதாரணம். நைன் இன்ச் நெய்ல்ஸின் ட்ரென்ட் ரெஸ்னர் 1994-இல் வெளியிட்டபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கிட்டாரில் வேண்டுமென்றே உறுத்தும் ஒரு ஸ்வரம், கடைசியில் காதைக் கிழிக்கும் இரைச்சல், தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் ஒரு இளைஞனின் பாட்டு. 2002-இல் ஜானி கேஷ் அதைப் பாடினார், அவருக்கு வயது 70, உடல் நலிந்துபோயிருந்தது. உறுத்தும் ஸ்வரத்தை எடுத்துவிட்டுச் சாதாரணக் கார்டுகளை வைத்தார்கள். வரிகளில் ஒரு கெட்ட வார்த்தையை எடுத்துவிட்டு முள்முடி என்று பொருள்படும்படி மாற்றினார்கள். மற்றதெல்லாம் அதேதான். ஆனால் இளைஞன் சொன்னபோது இனி என்ன ஆகுமோ என்று பயமுறுத்திய அதே வரிகள், கிழவர் சொல்லும்போது எல்லாம் நடந்து முடிந்துவிட்டது என்று ஒலிக்கின்றன. கேஷ் அடுத்த வருடமே இறந்துபோனார். ரெஸ்னர் முதலில் தயங்கினார், பாட்டின் வீடியோவைப் பார்த்த பிறகு இனி இது என் பாட்டு இல்லை என்றே சொல்லிவிட்டார். ஒரு கவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

இதுவரை மெல்லிசையிலிருந்து மெட்டலுக்கு வந்த பாட்டுகளைத்தான் பெரும்பாலும் பார்த்தோம். எதிர்த்திசையில் போனால் வேறொரு சுகம். மெட்டல் என்றால் வெறும் சத்தம் என்று சொல்கிற நண்பர் யாராவது இருந்தால், அபோகலிப்டிகாவின் 1996 ஆல்பத்தைப் போட்டுக் காட்டுங்கள். ஃபின்லாந்தில் செல்லோ படித்த நான்கு பேர், மெட்டாலிகாவின் பாட்டுகளைச் செல்லோவில் மட்டும் வாசித்திருக்கிறார்கள், குரலே கிடையாது. 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாட்டின் நடுப்பகுதியில் எவ்வளவு அழகான மெட்டு ஒளிந்திருக்கிறது என்பது அந்தச் செல்லோக்களில் தெளிவாகக் கேட்கும். டோரி ஏமோஸ் என்ற அமெரிக்கப் பாடகி 2001-இல் ஸ்லேயர் என்ற மெட்டல் குழுவின் 'ரெய்னிங் பிளட்' பாட்டைப் பியானோவில் ஆறு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பாடியிருக்கிறார். ஸ்லேயரிடம் மின்னலாகப் பறந்துபோகும் வரிகள் இதில் ஒவ்வொன்றாக, மெதுவாக, காதுக்குப் பக்கத்தில் வருகின்றன. இரண்டில் எது அதிகம் பயமுறுத்துகிறது என்று கேட்டால், நான் ஏமோஸ் என்பேன்.

அச்சு அசலாக வாசிக்கும் கவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். டோட்டோவின் 'ஆஃப்ரிக்கா' பாட்டை வீஸர் குழு 2018-இல் கிட்டத்தட்ட அப்படியே வாசித்து வெளியிட்டது, பெரிய வெற்றியும் பெற்றது. இந்த வகை எனக்கு ஒரு தடவைக்கு மேல் கேட்கப் பிடிப்பதில்லை. மாற்றாமல் வாசிப்பது தவறு என்பதால் அல்ல, அதே ஒலி வேண்டுமானால் ஒரிஜினலே கையில் இருக்கிறதே என்பதால். ஆனால் மேடையில் இது வேறு கணக்கு. கூட்டம் முழுக்கச் சேர்ந்து பாடும்போது யாருக்கும் புது விளக்கம் தேவைப்படாது. வாத்தியம் கற்றுக்கொள்கிறவர்களுக்கும் அச்சு அசலாக வாசிப்பதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை. எனக்கு உண்மையிலேயே அலுப்பூட்டுவது வேறொன்று: எந்தப் பாட்டு கிடைத்தாலும் அதே டிரம்ஸ், அதே உறுமல், அதே இடத்தில் அதே நிறுத்தம் என்று ஒரே அச்சில் போட்டு எடுப்பது. அங்கே பாட்டு வெறும் சாக்கு, அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கவே இல்லை.

மறுபடி 'விஸ்கி இன் த ஜார்' பாட்டுக்கே வருகிறேன். தின் லிஸி அதை எடுத்தபோது எரிக் பெல் என்ற கிட்டார் கலைஞர் ஒரு புது ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் ஒரு சின்ன கிட்டார் துண்டு, சேர்த்தார், நாட்டுப்புறப் பாட்டில் அது கிடையாது. மெட்டாலிகா வாசிக்கும்போது அந்த ரிஃப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள், கனமான கிட்டாரில். அதாவது அவர்கள் கவர் செய்தது நாட்டுப்புறப் பாட்டை இல்லை, தின் லிஸியின் கவரை. இன்றைக்கு ஒருவர் அந்தப் பாட்டை முணுமுணுத்தால், வரிகளுக்கு நடுவே அந்த ரிஃப்பையும் சேர்த்துத்தான் முணுமுணுப்பார், அது 1972-இல் வந்து சேர்ந்தது என்று தெரியாமலே.

நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால், தெரியாத குழுவில் தொடங்க வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் பெயரோடு கவர் என்று சேர்த்துத் தேடுங்கள், கிடைப்பதில் மூன்றைக் கேளுங்கள். முதல் நாள் மூன்றுமே பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரிஜினலைப் போடுங்கள். இவ்வளவு நாள் கவனிக்காத ஒரு பேஸ் வரியோ, ஒரு சொல்லோ, பல்லவிக்கு முன்னால் விடும் ஒரு சின்ன இடைவெளியோ காதில் விழும். எனக்கு முதன்முதலில் அப்படி விழுந்தது டிலன் பாட்டின் ஹார்மோனிகா. ஹென்ட்ரிக்ஸ் கிட்டாரால் நிரப்பிய இடங்களில் எல்லாம் டிலன் சும்மா இருக்கவில்லை, சில இடங்களில் அந்த ஹார்மோனிகா தனியாக அழுதுகொண்டிருந்தது, அதுவரை நான் அதைக் கேட்டதே இல்லை.